கொடிக்காரர் சொன்ன சொல்

இந்தக் கதையை நீங்கள் எல்லோரும் என் வாயால் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். யாராவது புதிதாக நாட்டுக்கு வந்து பிரெஞ்சு வகுப்பில் முழிசிக்கொண்டிருந்தால், கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுப் பந்தியில்கூடச் சொன்னேன். பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’. அது தெரியாத அம்மா, கோச்சி ஓடும் தண்டவாளத்தடியில் நின்ற ஒருவர் "வா, வா" என்று சொல்ல, தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நேரே கோச்சிக்கு முன்னால் நடந்தார். பத்து வயதுப் பெட்டை நான் கத்திக் காப்பாற்றினேன். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உன்ரை பிரெஞ்சுதான் கொம்மாவின்ரை உயிரைக் காப்பாத்தினது" என்று உங்களில் ஒருத்தி மேசையில் தட்டிச் சொன்னது ஞாபகம். நானும் பல்லெல்லாம் தெரிய நின்றேன்.

அந்தக் கதையில் பாதியை நான் எப்போதும் விழுங்கிவிடுவேன். இன்னொரு பாதி எனக்கே போன மாதம் வரை தெரியாது. இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்; சாப்பாடு இறங்குவதில்லை. பேய் பிசாசுக்குப் பயந்தவள் நான் இல்லை, உங்களுக்குத் தெரியும். என் வாழ்நாளில் நான் பயந்தது இமிகிரேஷன் கடிதத்துக்கு மட்டும்தான். ஆகவே இந்தத் தடவை சிரிக்காமல் கேளுங்கள்.

சென்ட் லோரன்டில் எங்கள் முதல் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. பின்பக்கம் இரும்புச் சுழல்படி. படியிறங்கினால் ஒரு கம்பிவேலி, வேலிக்கு அப்பால் ஒரு வாய்க்கால், அதற்கப்பால் சல்லிக்கல் மேடு, மேட்டில் தண்டவாளம். வேலி, வாய்க்கால், சல்லிக்கல், தண்டவாளம். இந்த நாலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். இப்போது அதில் சைக்கிள் ஓடுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அது பெரிய ரயில் கம்பனிகளின் பாதை அல்ல. ஆதியில் அந்தப் பக்கம் கல் கிண்டும் கிடங்குகள் இருந்தனவாம். இந்த நகரத்தின் பழைய தேவாலயங்களைக் கட்டிய சாம்பல் நிறக் கல். அவ்வளவு சின்ன வேலைக்குத் தண்டவாளம் போடமாட்டோம் என்று பெரியவர்கள் கைவிரிக்க, கல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தாங்களே போட்டுக்கொண்ட குட்டிப் பாதை அது. பிறகு கல் முடிந்தது. கிடங்குகளைக் குப்பை கொட்டி நிரப்பினார்கள். பாதை மட்டும் மிஞ்சியது. அதன் இரு பக்கமும் தொழிற்சாலைகள் வந்தன. பெரிய ரயில் ஒரு முனையில் சரக்குப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் போகும். குட்டிக் கம்பனியின் ஒரே ஒரு எஞ்சின் அவற்றைக் கொண்டுபோய், வீட்டுக்கு வீடு பால் ஊற்றுவதுபோல, தொழிற்சாலை வாசல்களில் விட்டுவிட்டு வரும். மாவு, இரும்பு, கடதாசி. அப்பா வேலைசெய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கும் கடதாசி உருளைகள் அதில்தான் வந்தன. கோச்சி வராத கிழமை அப்பாவுக்கு வேலை குறையும்.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும். மாடும் முந்திவிடும், அவ்வளவு மெதுவு. "உதெல்லாம் ஒரு கோச்சியே?" என்பார் அப்பா. "எங்கட ஊர் வண்டில் இதைவிடக் கெதியாப் போகும்." அதில் ஆட்களும் இரண்டே பேர். ஒருவர் எஞ்சின் ஓட்டுபவர். அவரை நாங்கள் கண்டதே இல்லை. மற்றவர் கொடிக்காரர். எங்கள் வீட்டடியில் ரோட்டு, தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். அந்தக் கடவையில் கதவு, விளக்கு ஒன்றும் கிடையாது. கோச்சி முன்னமே நிற்கும். கொடிக்காரர் இறங்கி நடந்து வந்து, ரோட்டின் நடுவில் சிவப்புக் கொடியைப் பிடித்துக் கார்களை மறிப்பார். பிறகு கழுத்தில் தொங்கும் ஹோர்னைக் கையால் அமத்தி எஞ்சின்காரருக்குச் சைகை காட்டுவார். கோச்சி தாண்டியதும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். நெடிய மனிதர். செம்மஞ்சள் நிறச் சட்டை, கண் வரைக்கும் சுற்றிய சால்வை. நான் எத்தனையோ தரம் "பொன்ஜூர்" சொல்லியிருக்கிறேன். தலையை மட்டும் ஆட்டுவார். பெருமை பிடித்த மனிசன் என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

இனி நான் விழுங்கும் பாதி. எனக்கு ஒரு அண்ணை இருந்தான். ஏழு வயது மூத்தவன். அவனை நான் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அப்பா ஏசுவார், அவன் சிரிப்பான். எதையும் நாலாக எட்டாக மடித்து வைக்கிற பழக்கம் அவனுக்கு. பஸ் டிக்கெட்டைக்கூட மடித்துத்தான் எறிவான். அப்பா இங்கே முன்பே வந்து, எங்கள் மூன்று பேருக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார். பாஸ்போட் எடுக்க அண்ணை ஊரிலிருந்து கொழும்புக்குக் கோச்சி ஏறினான். அம்மாவும் நானும் ஸ்ரேசனுக்குப் போனோம். வாழையிலையில் கட்டிய சோத்துப் பார்சல் அம்மாவின் கையில் இருந்தது. கோச்சி வெளிக்கிட்டுவிட்டது. அண்ணை ஓடிப்போய்த் தொற்றினான்; பார்சல் அம்மாவின் கையிலேயே நின்றுவிட்டது. வாசல் கம்பியைப் பிடித்தபடி திரும்பி, "அம்மா, போறன்!" என்று கத்தினான்.

நம் ஆட்கள் யாராவது அப்படிச் சொல்வார்களா? கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் ‘போட்டு வாறன்’ என்றுதானே சொல்வோம். வாய்தவறி ஒருவன் ‘போறன்’ என்றால், திருத்திச் சொல்லும்வரை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அம்மா கோச்சியோடு கூடவே ஓடினார். "வாறன் எண்டு சொல்லடா! வாறன் எண்டு சொல்லு!" அவன் உள்ளே போய்விட்டான். அந்தக் கோச்சி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணை போய்ச் சேரவில்லை. எந்த ஸ்ரேசனில், யார் அவனை இறக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மூன்று பேருக்குப் போட்ட விண்ணப்பத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினோம். விமானத்தில் ஏறியதோடு அம்மா கதைப்பதை விட்டுவிட்டார். சமைக்கவில்லை. என் தலையை வாரவில்லை. அப்பா வேலைக்குப் போனபிறகு நான் பாணுக்குச் சீனி தூவித் தின்றேன். காலையிலும் சீனிப்பாண், பின்னேரமும் சீனிப்பாண். என் தலையில் பேன் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதித் தந்தார்கள். அதை வாசித்துச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை. அம்மா யன்னலடிக் கதிரையில் இருந்து சுவரைப் பார்ப்பார். கோச்சி மணி கேட்டால் மட்டும் எழும்பிக் குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிடுவார். அப்படி மூன்று மாதம் போனது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் பனி கொட்டியது. நான் குப்பைப் பையோடு பின்படியால் இறங்கினேன். அம்மாவும் பின்னால் வந்தார். ஏன் வந்தார் என்று தெரியாது. பனிப்புகார் மூடியிருந்தது, வேலி தெரிந்தது, வாய்க்கால் தெரியவில்லை. கோச்சியின் மணி மட்டும் எங்கிருந்தோ வந்தது. பிறகு அதுவும் நின்றது. பனி விழும்போது இந்த ஊர் காதில் பஞ்சு வைத்ததுபோல ஆகிவிடும் அல்லவா, அப்படி ஒரு அமைதி. அதற்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"வா."

கொஞ்சம் விட்டு, இன்னொரு தரம்.

"வா... வா."

உரத்த குரல் அல்ல. பக்கத்து அறையிலிருந்து ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல இருந்தது.  புகாருக்குள் செம்மஞ்சள் சட்டை தெரிந்தது. கொடிக்காரர் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி. நாம் ஒருவரைக் கிட்டக் கூப்பிடுவதும் அப்படித்தானே.

அம்மா என் தோளைப் பிடித்தார். நகம் இறங்கியது. "கேட்டியே?" என்றார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சொல்.

"ஓம் அம்மா."

"சொல்லிப் போட்டான். அண்டைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் சொல்லிப் போட்டான், பிள்ளை."

அடுத்த நாள் காலை நான் எழும்பியபோது வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசம். அம்மா குளித்து, தலை முடிந்து, அடுப்படியில் நின்றார். என்னை முன்னால் இருத்தி எண்ணெய் வைத்துத் தலை வாரி, பேன் எடுத்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார். வலித்தது. அந்த வலி எவ்வளவு நல்லாயிருந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஒரு பார்சல் கட்டுவார். இரண்டும் மரக்கறி நாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கறுக்கப் பொரித்த மோர்மிளகாய். வாழையிலைக்குப் பதில் வெள்ளித்தாள். மணி கேட்டதும் கீழே இறங்குவார். முதலில் வேலியடியில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் பார்சல் இல்லை. வெள்ளித்தாள் மட்டும் எட்டாக மடித்து, ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. அம்மா அதை எடுத்து மணந்து பார்த்தார். "சாப்பிட்டிருக்கிறான். தாளை மடிச்சு வைச்சிருக்கிறான், பார்." எனக்கும் அழுகை வந்தது. நானும் நம்பினேன், மறைப்பானேன்.

என் நம்பிக்கை உடைந்தது வகுப்பில். புதிதாய் வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பு. ரீச்சர் என்னைக் கரும்பலகைக்கு வரச்செய்து ஒரு சொல் எழுதவைத்தார். எழுதினேன். அவர் சிரித்து, கையை அசைத்து, "வா" என்றார். நான் கிட்டப் போனேன். "வா, வா" என்றார். இன்னும் கிட்டப் போனேன். அவர் முழிக்கிறார், கையை அசைக்கிறார், "வா!" என்கிறார். நான் போய் அவர் வயிற்றோடு முட்டிக்கொண்டு நின்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது. பக்கத்து மேசை லெபனான் பெட்டை ஓடிவந்து, என்னைத் திருப்பி, முதுகில் கைவைத்து என் கதிரைப் பக்கம் தள்ளினாள். "வா," என்றாள், ஒவ்வொரு தள்ளுக்கும். "வா, வா." அப்போதுதான் விளங்கியது. சொல்லும் மாறாட்டம், கையும் மாறாட்டம். கொடிக்காரர் அம்மாவைக் கூப்பிடவில்லை. போ, போ, கோச்சிக்குக் கிட்ட வராதே என்று கலைக்கிறார்.

சொல்லத்தான் வீட்டுக்கு ஓடினேன். சத்தியமாகச் சொல்லத்தான். கதவைத் திறந்தால் புட்டு அவிகிற ஆவி. "வந்திட்டியே? கையைக் கழுவிப்போட்டு இரு பிள்ளை, சூடாயிருக்கு" என்றார் அம்மா. நான் கை கழுவிவிட்டு இருந்தேன். இப்போது சொன்னால் அம்மா திரும்பவும் கதிரைக்குப் போய்விடுவார். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நீங்களாய் இருந்தால் சொல்லியிருப்பீர்களோ? மூன்று மாதம் சீனிப்பாண் தின்றுபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மா வேலியடியில் நிற்கவில்லை. டிசம்பரில் நத்தார் வருவதற்குள் வேலியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, உறைந்த வாய்க்கால் வரை போனார். தைமாதம் வாய்க்காலையும் தாண்டிச் சல்லிக்கல் மேட்டில் ஏறி, தண்டவாளம் தாங்கும் சிலிப்பர்க்கட்டையின் நுனியில் பார்சலை வைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை. அவர் கிட்டப் போகப் போக, கொடிக்காரர் இன்னும் வேகமாகக் கையை அசைப்பார். அம்மா இன்னும் சந்தோஷமாகக் கிட்டப் போவார். சுழல்படியில் நின்று நான் நகத்தைக் கடிப்பேன். இனி மிச்சம் தண்டவாளம் மட்டும்தான். சொல்லிவிட்டால் அம்மா உயிரோடு செத்துப்போவார்; சொல்லாவிட்டால் நிசமாகவே செத்துப்போவார். பத்து வயதில் அந்தக் கணக்கை நான் தனியே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

கீழ்வீட்டில் ஒரு மாமி இருந்தார், திருகோணமலைப் பக்கம். நல்ல மனுசி, வாய்தான் நீளம். ஒருநாள் எங்களோடு வந்து வேலியடியில் நின்றார். குரல் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டு போனார். "மாமி, கேட்டதே உங்களுக்கு?" என்றேன். "மணிச்சத்தம் கேட்டது பிள்ளை. பேந்தென்ன?" என்றார். மாமிக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

காது மந்தமோ என்னவோ, கண் நல்ல கூர். அடுத்த கிழமை அப்பாவைப் படியில் மறித்துவிட்டார். "தம்பி, குறை நினைக்காதையும். உம்மட மனிசி அந்தக் கொடி பிடிக்கிற வெள்ளைக்காரனுக்குச் சோறு கட்டிக் குடுக்கிறா. நாலுபேர் நாலுவிதமாக் கதைக்கப் போகினம்."

அப்பா மேலே வந்தார். முகம் கறுத்திருந்தது. "இஞ்சேரும், உமக்கென்ன விசரே? என்னை ஊருக்குள்ள தலைகாட்ட விடமாட்டீரோ?"  அப்பா ஆருக்குச் சோறு, ஏன் சோறு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகனின் பெயர் வெளியே வந்திருக்கும். அந்தப் பெயரைக் கேட்கிற தைரியம் அவருக்கு இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவின் பனிச்சப்பாத்தை எடுத்து ஒரு பையில் போட்டார். வேலைத்தலத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். இந்த ஊரில் மாரிகாலத்தில் ஒருவரை வீட்டில் அடைத்துவைக்கப் பூட்டுத் தேவையில்லை, சப்பாத்தை ஒளித்தால் போதும் என்று அவர் கணக்குப் போட்டார்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே பனி. பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். நான் பின்பக்கத்தால் வந்தேன். புதுப்பனியில் அடையாளம் கிடந்தது. சப்பாத்து அடையாளம் அல்ல. ஊரிலிருந்து போட்டு வந்த இறப்பர் செருப்பின் அடையாளம். அது வேலி ஓட்டைக்குள்ளால் போயிருந்தது. வாய்க்காலைத் தாண்டியிருந்தது. சல்லிக்கல் மேட்டில் ஏறியிருந்தது.

அம்மா தண்டவாளத்தின் இந்தப் பக்கம் நின்றார். கொடிக்காரர் அந்தப் பக்கம். அன்று கோச்சி மற்றமாதிரி வந்தது. எஞ்சின் கடைசியில் இருந்து தள்ள, பெட்டிகள் முன்னால் வரும், சிலநாள் அப்படித்தான். எஞ்சின் தூரத்தில் கிடந்ததால் இரைச்சல் இல்லை. பனிக்குள் மண்ணிறச் சுவர் ஒன்று தானாக நகர்ந்து வருவதுபோல முதல் பெட்டி வந்துகொண்டிருந்தது.

"வா," என்றது குரல். "வா, வா."

அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. கொடிக்காரர் இரண்டு கையையும் அசைத்தார். அம்மா பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்டவாளத்துக்குள் கால்வைத்தார். நேரே குரலைப் பார்த்து நடந்தார்.

"அம்மா!" நான் வேலியில் தொங்கிக்கொண்டு கத்தினேன். "அவன் வா எண்டு சொல்லேல்லை அம்மா! போ எண்டுதான் சொல்லுறான்! பிரெஞ்சில வா எண்டால் போ! போ எண்டு கலைக்கிறான் அம்மா!"

அம்மா நின்றார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தார். நித்திரையில் இருந்த பிள்ளையை அடித்து எழுப்பினால் பார்க்குமே, அந்தப் பார்வை. ஹோர்ன் அலறியது. பிறகு இரும்போடு இரும்பு தேய்கிற சத்தம். இன்றைக்கும் மெட்ரோ வளைவில் அந்தச் சத்தம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பெட்டி நின்றது. அதன் நெற்றியில் இருந்த பனி அம்மாவின் தலையில் கொட்டியது. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவுதான் இடைவெளி. பார்சல் விழுந்து வெடித்து, பனியில் பருப்பின் மஞ்சள் பரவியிருந்தது. கொடிக்காரர் முழந்தாளில் இருந்தார். நழுவிய சால்வைக்கு மேலால் அவர் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வரவில்லை. பயத்தில் வாயடைத்துவிட்டது மனிசனுக்கு என்று நினைத்தேன்.

ஒற்றைச் செருப்போடு அம்மா திரும்பி வந்தார். மற்றது அங்கேயே கிடந்தது. வேலியடியில் என்னைக் கேட்டார்: "உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"நத்தாருக்கு முன்னமே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "போ எண்டே சொன்னவன்?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி," என்றார்.

நான் பயந்ததுபோல அவர் கதிரைக்குப் போகவில்லை. அடுத்த மாதமே தையல் வேலைக்குப் போனார். சமைத்தார், சண்டை பிடித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காயை அமத்தி அமத்தி வாங்கினார், உங்கள் வீட்டுக் கலியாணங்களில் சிரித்தார். இரண்டே இரண்டு விஷயம் மாறின. அந்தக் கிழமையே, அதுவரை விடாதவர், அண்ணையின் படத்துக்கு மாலை போட அப்பாவை விட்டார். அதன்பிறகு யாராவது வாசலில் ‘போறன்’ என்று சொன்னால் அவர் திருத்தவே இல்லை.

இனி, போன மாதம் நடந்தது. அந்தச் சைக்கிள் பாதையில் நகரசபை ஒரு சரித்திரப் பலகை நட்டது. பழைய குடியிருப்பாளர்களை வரச்சொல்லி நூலகத்தில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். நான் இப்போது இருக்கும் லாசாலில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பலகையில் எல்லாம் இருந்தது. கல் வியாபாரிகள், மாவு, கடதாசி, லொறிகள் வந்து வேலையைப் பறித்தது, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போனது, கடைசியில் தண்டவாளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றது. படத்தில் எஞ்சின் மட்டும் நின்றது. கொடிக்காரரைக் காணோம்.

எஞ்சின்காரர் நேரிலேயே வந்திருந்தார். இத்தனை காலத்தில் அன்றுதான் அவர் முகத்தைக் கண்டேன். எண்பது தாண்டிய கிழவர், நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்ன வீட்டுப் பிள்ளை என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கறுத்த மிளகாய்!" என்றார். "மதாம், அதைச் சாப்பிட்டு நாங்கள் இரண்டு பேரும் எஞ்சினுக்குள் கண்ணீர் விட்டிருக்கிறோம். செவ்வாய், வெள்ளி என்றால் நான் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகவே மாட்டேன். தாளை அவன்தான் மடித்து வைப்பான். உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லையே."

"ஏன், வாயால் சொல்லியிருக்கலாமே?" என்றேன் சிரித்துக்கொண்டு.

"எந்த வாயால்? அவனுக்குக் குரல் இல்லை. தொண்டையில் வருத்தம் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குத்தானே அந்தச் சால்வை. பெரிய கம்பனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. எங்களுடையது சின்னக் கம்பனி. கொடி பிடிக்கக் குரல் எதற்கு என்று வைத்துக்கொண்டார்கள்."

 "அப்படியென்றால் நீங்கள்தான் கத்தினீர்களா? அன்றைக்கு? ‘வா, வா’ என்று?"

"எஞ்சினுக்குள்ளிருந்தா? அதற்குள் என் குரல் எனக்கே கேட்காது." அவர் என் கையை விடவில்லை. "நான்தான் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அவன் சாகும்வரை இதைத் துண்டுக் கடதாசியில் எழுதி எழுதி என்னிடம் கேட்டான். உங்கள் அம்மா கடந்துகொண்டுதானே இருந்தார்? இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் பாதைக்கு வெளியே. ஏன் நடுவில் நின்றார்?"

இவ்வளவு காலம் பிரெஞ்சில் பிழைப்பு நடத்தியவள் நான். அன்று "பார்டோன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிரேக் காற்று விடுகிற சத்தமாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்குக் கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, மாமிக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் குரல் சொன்னபடி அம்மா நடந்திருந்தால் அக்கரையில் ஏறியிருப்பார். நிற்கவைத்தது நான். போ என்று சொன்னதும் கொடிக்காரர் இல்லை, பிரெஞ்சும் இல்லை. வந்துகொண்டிருந்த அண்ணையை அம்மாவிடமிருந்து போகச் சொன்னது நான். அதை அம்மா கடைசிவரை நம்பிக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை மோர்மிளகாய் பொரித்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய். வெள்ளித்தாளில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பின்னேரம் நாலுமணி இருக்கும், புகார். ரோட்டும் பாதையும் வெட்டுகிற இடத்தில், பலகையின் அடியில் பார்சலை வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை," என்றேன். "வா. வா அண்ணை, வா."

கையும் தானாக அசைந்தது, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க.

எனக்கு வழிவிட்டுச் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்ற ஒரு பொடியன் என் வாயைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "மெர்சி, மதாம்," என்று நன்றி சொல்லிவிட்டு, புகாருக்குள் போய்விட்டான்.